காலி பண்ணிட்டேன் தம்பி

"காலி பண்ணிட்டேன் தம்பி."

காலையில் மாடிப்படி ஏறி வந்து செருப்பைக் கழற்றும்போதே அவர் இதைச் சொல்லிவிட்டால், அன்றைக்கு எங்கள் ஆபீசில் ஒருவருக்கும் வேலை ஓடாது. சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியவில்லை. வாடகை வீட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "எந்தப் பக்கம்ணே வீடு பாத்திருக்கீக? சாமான் ஏத்த நானும் வாரேன்" என்றேன். பக்கத்து மேசையில் படங்களைச் சரிசெய்துகொண்டிருந்த மாரீஸ்வரி அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்தியது.

"ஏ தம்பி, அவுக காலி பண்ணினது வீட்டையில்ல. எடிட்டரை. இந்த சீசனுக்குள்ள இது எத்தனாவது வீடோ, அவுகளைத்தான் கேக்கணும்."

அவர் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் அண்ணன் என்று கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இணையதளம் செய்கிறவர்கள் நிரலை எழுதுகிற மென்பொருளுக்குத்தான் எடிட்டர் என்று பெயர். சமைக்கிறவருக்கு அடுப்படி எப்படியோ அப்படி. உப்பு எங்கே, கரண்டி எங்கே என்று பார்க்காமலே கை போகும். ஒரு எடிட்டரில் எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்று கைக்கு ஏற வெகுநாள் பிடிக்கும். ஏறியபிறகு ஒருவரும் லேசில் வேறொன்றுக்குப் போக மாட்டார்கள். அண்ணன் போவார். கைக்கு ஏறிவிட்டது என்று தெரிந்த அன்றைக்கே போவார்.

அவர் எடிட்டர்களின் சொந்தப் பெயர்களைச் சொல்லி நான் கேட்டதில்லை. கணினியோடு சும்மா வந்த, எழுத்தைத் தவிர ஒன்றும் இல்லாத எடிட்டர் கூரை வீடு. எல்லா வசதியும் இருந்து, திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரக்கூடியது பங்களா. மவுசையே தொடாமல் விசைகளால் மட்டும் ஓட்டவேண்டிய கறுப்புத் திரைக்கு இருட்டு வீடு என்று பெயர். அதற்குள் முதல் தடவை போனபோது வெளியே வரும் வழி தெரியாமல் கணினியையே அணைத்துவிட்டு எழுந்தார். ஊரில் பாதிப் பேர் குடியிருக்கிற, யாரைக் கேட்டாலும் வழி சொல்லக்கூடிய இலவச எடிட்டர் ஒன்று உண்டு. அது லைன் வீடு. திருத்தங்கலில் அவரும் அவர் மனைவியும் குடியிருந்ததும் அப்படி ஒரு லைன் வீடுதான், ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்கிற வரிசை வீடு.

எங்கள் ஆபீஸ் சிவகாசியில் ஒரு அச்சகத்தின் மாடியில் இருந்தது. கீழே மிஷின் ஓடினால் மேலே தண்ணீர் பாட்டில் நடுங்கும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசுக் கம்பெனிகளின் தளங்கள், மார்கழியில் காலண்டர் கம்பெனிகள், இடையில் விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரிகள் என்று வேலை வரும். முதலாளியை அண்ணாச்சி என்போம். நல்ல மனிதர், சத்தம் மட்டும் பெரிது. நான் ஆமத்தூரிலிருந்து பைக்கில் வருவேன். என் அம்மாவும் அப்பாவும் தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். "எம்மவனும் ஆபீசுக்குத்தான் போறான். ஆனா அந்த ஆபீசுல கை கறுக்காது" என்று அம்மா தெருவில் சொல்லிக்கொள்வாள்.

எங்கள் பக்கத்தில் வெடி ஆலையைப் பயராபீஸ் என்பார்கள். அண்ணனின் மனைவி, நான் மதினி என்று கூப்பிட்டவர், கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே பயராபீசில் மருந்து அடைக்கிற வேலை பார்த்தார். வெடிக்குள் போகிற ரசாயனத்தை எங்கள் ஊரில் மருந்து என்றுதான் சொல்வோம். "நாங்க ரெண்டு பேருமே ஆபீசருக தம்பி. அவுகளுக்கு ஃபேன் உண்டு, எனக்கு மரத்து நெழலு உண்டு" என்பார் மதினி.

அண்ணன் எடிட்டர் மாற்றினால் நாங்கள் படுகிற பாடு சொல்லி முடியாது. புது எடிட்டர் அவர் சேமிக்கும்போதெல்லாம் கோப்பு முழுவதையும் தன் இஷ்டத்துக்கு வரிசை மாற்றி அடுக்கிவைக்கும். அவர் ஒரு வரி திருத்தியிருப்பார். எனக்கு எல்லா வரியும் மாறியதாகக் காட்டும். எதைத் திருத்தினார் என்று நான் தேடிக்கொண்டே இருப்பேன். ஒரு தடவை பங்களாவிலிருந்து கூரை வீட்டுக்குப் போன வேகத்தில் விலைப்பட்டியலைச் சேமித்தார். அந்த எடிட்டரில் தமிழ் எழுத்துக்கான அமைப்பு வேறு மாதிரி இருந்திருக்கிறது. சரவெடி, சங்குசக்கரம், புஸ்வாணம் எல்லாம் கட்டம் கட்டமாகப் போய்விட்டன. சேலத்திலிருந்து ஒரு கடைக்காரர் போன் பண்ணி, "கட்டம் போட்டிருக்கீங்களே, அது என்ன புது ரகமா? ரெண்டு பெட்டி அனுப்புங்க" என்றார்.

அண்ணாச்சி மேலே ஏறி வந்து கத்தினார். அண்ணன் அசையவில்லை.

"இந்த வீட்டுல தமிழ்த் தண்ணி வரல அண்ணாச்சி. வேற பாக்கணும்."

இன்னொரு தடவை நடந்தது இதைவிடப் பெரிது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் பாதிக்கு மேல் ஒரே அம்மன் பெயர். முன்னால் ஒரு ஸ்ரீ, பின்னால் மகன் பெயரோ மகள் பெயரோ இருக்கும், நடுவில் அம்மன். அப்படி ஒரு கம்பெனியில் உடன்பிறந்த இருவருக்குள் பாகம் பிரிந்து, தம்பிக்காரர் தன் தளத்தில் பெயரை மாற்றச் சொன்னார். அம்மன் பெயரைத் தேடி, புதுப் பெயரைப் போட்டு, 'எல்லாவற்றையும் மாற்று' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான். அண்ணன் அந்த வாரம்தான் லைன் வீட்டுக்குக் குடி வந்திருந்தார். முந்தைய எடிட்டரில் அந்தப் பொத்தான் திறந்திருக்கிற ஒரு கோப்பில் மட்டும் மாற்றும். இதில் அவர் கை போன இடத்திலிருந்த பொத்தான் எல்லா ஃபோல்டர்களிலும் மாற்றிவிட்டது. மதியத்துக்குள் சிவகாசியில் பாதிக் கம்பெனி அந்தத் தம்பிக்காரருக்குச் சொந்தமாகிவிட்டது.

போன் ஓயவில்லை. "ஏலே, எங்க கம்பெனிய அவன் எப்பலே வாங்கினான்? எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா உசுரை விட்டுருவாகலே!" என்று ஒருவர் அழாத குறை.

எல்லாவற்றையும் சரிசெய்து முடித்தபோது மாரீஸ்வரி அக்கா கேட்டார். "அண்ணே, ஒண்ணு கவனிச்சீகளா? நீங்க பண்ற தப்பு அம்புட்டும் குடி போன மொத வாரத்துலதான் வருது."

"வரட்டும் தாயி. அந்த வாரம்தான் எங்கண்ணு முழிச்சிருக்கு. தப்பு வந்தா அன்னைக்கே தெரிஞ்சிருது. கை பளகின எடத்துல வர்ற தப்பு தெரியவே தெரியாது."

"அப்படி என்னண்ணே உங்க கைமேல உங்களுக்குக் கோவம்?"

அண்ணன் தன் கையைப் பார்த்தார். விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதிலை ஒரு நாள் டீக்கடையில் தானாகச் சொன்னார். அவர் அப்பா மருந்து கலக்குகிறவர். ஒரே கம்பெனி, ஒரே கலவை. வருடக்கணக்காக வெறும் கையால் அளைந்து அளைந்து, மாவு பிசைகிற மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் இருக்கிறவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே அளைவாராம். ஒரு நாள் கம்பெனியில் வேறு நிறத்துக்கு வேறு மருந்து இறக்கினார்கள். மெதுவாகத் தொடவேண்டிய மருந்து. அவரிடம் சொல்லித்தான் கொடுத்தார்கள், அவரும் தலையை ஆட்டினாராம்.

"மருந்து மாறிருச்சு தம்பி. கை மாறல." அண்ணன் டீ கிளாசைக் கீழே வைத்தார். "வெளிய அவரோட செருப்பு அப்படியே கெடந்துச்சு. பேப்பர்ல உராய்வு காரணமாகன்னு போட்டிருந்தான். எப்பவும் அதான் போடுவான். எதுக்கும் எதுக்கும் நடுவுல உராய்வுன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் போட்டதில்ல."

அன்றைக்குத்தான் எனக்கு அவர் குடி மாறுகிற காரணம் புரிந்தது. கை எதிலும் பழகிவிடக் கூடாது. பழகினால் கண் தூங்கிவிடும். அப்பாவின் சாவிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அது. அதே சாவிலிருந்து நேர் எதிரான பாடத்தையும் எடுத்திருக்கலாம் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

அவருடைய பயமெல்லாம் மதினியின் கைமேல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ கோப்பு வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதினி டிவியில் நாடகம் பார்த்துக்கொண்டே மடியில் முறத்தை வைத்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். கண் முறத்துக்கு ஒரு தடவைகூட வரவில்லை. விரல்கள் மட்டும் ஓடின. அவற்றின் நகக்கண்ணில் வெள்ளிப்பொடி ஏறியிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அலுமினியப் பொடி. வேலை முடிந்து முறத்தைத் தூர வைத்த பிறகும் கொஞ்ச நேரம் விரல் அசைந்துகொண்டே இருந்தது. வெறும் மடியில் எதையோ இரண்டு தட்டுத் தட்டியது.

அண்ணன் என் முழங்கையைத் தொட்டார். "பாத்தியா?"

"என்னத்தப் பாக்கச் சொல்லுறீக பிள்ளைய?" என்றார் மதினி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ தட்டுற."

"சட்டத்துல மருந்து எறங்க ரெண்டு தட்டுத் தட்டணும். காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் தட்டுற கை, வீட்டுக்கு வந்தா சும்மா கெடக்குமா?"

அடைக்கிற சட்டம் என்பது வெடிக்குழாய்களை வரிசையாக நிறுத்திவைக்கிற மரப்பலகை. மேலே மருந்தைக் கொட்டிப் பரப்பி, பலகையைத் தட்டினால் குழாய்களுக்குள் இறங்கும். மதினியின் கம்பெனி மருந்துக்கு அப்படித் தட்டலாம்.

"வேலைய விட்டுருன்னா கேக்க மாட்டேங்குற. ஒரே ரூமு, ஒரே சட்டம், ஒரே மருந்து. கண்ண மூடிட்டுச் செய்யுற. ஒரு நாளைக்கு அவன் மருந்தை மாத்துவான், நீ பாட்டுக்குத் தட்டுவ. கம்பெனியவாவது மாத்து."

மதினி டிவியை அணைத்தார். அந்த லைன் வீட்டில் திடீரென்று பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் கேட்டது.

"தம்பி, நீயே சொல்லு. இவுக மாத்துற மாதிரி நானும் மாத்திக்கிட்டே இருந்தா சோறு பொங்குமா? இவுக அங்கன தட்டுறதுல தப்பு வந்தா எழுத்து கட்டங்கட்டமாப் போகும். அண்ணாச்சி நாலு சத்தம் போடுவாக. எனக்கு அப்படியா?"

"அதைத்தான் நானும் சொல்லுறேன்" என்றார் அண்ணன்.

"நீங்க சொல்லுறது வேற, நான் சொல்லுறது வேற." மதினி தன் நகங்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்தால் அண்ணன் தோற்றுவிடுவார். "சரி, ஒரு பேச்சு. நீங்க ஒரு எடிட்டர்ல தீவாளி வரைக்கும் நில்லுங்க. அசையக் கூடாது. நான் கம்பெனி மாறுறேன். நீங்க எம் புத்திக்கு வாங்க, நான் உங்க புத்திக்கு வாரேன். ஆளுக்கு ஒண்ணு."

"நெசமாவா?"

"நெசந்தான். இந்தத் தம்பி சாட்சி."

மறுநாள் அண்ணன் ஆபீசில் லைன் வீட்டு எடிட்டரில் உட்கார்ந்தார். தீபாவளி வரை இதுதான் என்று அறிவித்தார். அண்ணாச்சி நம்பாமல் கீழே இருந்த பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். மாரீஸ்வரி அக்கா தினமும் காலையில் அவர் செருப்பைக் கழற்றும்போது, "காலியாண்ணே?" என்று கேட்பார். "இல்ல தாயி, இன்னும் வாடகை குடுத்துட்டுத்தான் இருக்கேன்" என்பார் அவர். அது எங்களுக்கு ஒரு நித்திய விளையாட்டாகிவிட்டது. அவர் பட்ட அவஸ்தையும் கண்ணுக்குத் தெரிந்தது. இருக்கையில் நெளிவார். புது எடிட்டர் ஏதாவது வந்ததாகச் செய்தி பார்த்தால் மூடிவிட்டு எழுந்து போய் ஜன்னலில் நிற்பார்.

மதினிக்கு எந்தக் கம்பெனி என்ற கேள்வி வந்தது. இதை எழுதும்போது எனக்கு இன்றும் கை நின்று நின்றுதான் போகிறது. அண்ணன் எங்கள் கணினியிலேயே தேடினார். நாங்கள் செய்து கொடுத்த தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, படங்கள் இருக்கிற பக்கத்துக்குப் போய்ப் பார்த்தார். ஒரு தளத்தில் நின்றார். படத்தில் வேப்பமரங்கள், வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள், அறைக்கும் அறைக்கும் நடுவே பரந்த மண். சுத்தமான சேலையில் பெண்கள் விலகி விலகி உட்கார்ந்திருந்தார்கள்.

"எம்புட்டு எடவெளி விட்டுக் கட்டியிருக்கான் பாரு. இங்கன பேசி முடிச்சிரலாம். மேனேஜரை எனக்குத் தெரியும்."

மாரீஸ்வரி அக்கா எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "அண்ணே, இது நாம போட்ட படம்ணே."

"ஆமா, நாம போட்டதுதான். பொய்யா?"

"பொய்யில்ல. வெளிச்சம் கூட்டியிருக்கேன். ஓரத்துல ஆளுக நெறைய இருந்தாகன்னு வெட்டியிருக்கேன். கம்பெனிக்காரங்க கேட்டா செய்யுறதுதான?"

"எல்லாக் கம்பெனிக்கும் அதான செஞ்சோம்? அப்படிப் பாத்தாலும் இருக்கிறதுல இது தேவல."

ஆவணியில் மதினி அந்தக் கம்பெனிக்கு மாறினார்.

முதல் வாரத்தில் ஒரு மாலை அண்ணனை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டேன். மதினி வேனிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, புது இடத்துக் கதையெல்லாம் சொன்னார். அங்கே ஃபேன்சி ரகம், வானத்தில் போய் நிறம் நிறமாக விரிகிறது. சட்டம் ஒன்றுதான், மருந்து வேறு.

"இங்கன தட்டவே கூடாதாம் தம்பி. மயிலிறகால தடவுற மாதிரி தள்ளி விடணுமாம். எங்கையி கேக்க மாட்டேங்குது. அதுபாட்டுக்குத் தட்டப் போகுது. பக்கத்துல இருக்கிறவ ஒரு அம்சமான புள்ள, வெடுக்குனு எங்கையப் புடிச்சு நிப்பாட்டுறா. இன்னைக்கு மட்டும் எத்தனை தடவைன்றீக! 'எக்கா, உங்க கையைக் கெட்டிப் போட்டுத்தான் வேலை செய்யணும்'ங்குறா."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. காப்பித் தம்ளர் அவர் கையில் சாய்ந்து, காப்பி சட்டையில் ஒழுகுவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"நாளைக்குப் போகாத" என்றார்.

"என்னது?"

"போகாத. பழைய எடத்துக்கே போயிரு. நான் பேசுறேன்."

"நீங்கதான மாத்தச் சொன்னீக? இப்ப நீங்களே போகாதங்குறீக. வெளையாட்டா இருக்கா?" மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "பழைய எடத்துல என் சட்டத்துக்கு வேற ஆள் உக்காந்தாச்சு. சீசன்ல எடம் காத்துக்கிட்டா கெடக்கும்? ஒரு பத்து நாளு. கை பளகிரும்."

கை பழகிவிடும் என்ற சொல் தன்னை ஆறுதல்படுத்துவதற்காகச் சொல்லப்பட்டு அண்ணன் கேட்டது அதுவே முதல்முறையாக இருந்திருக்கும். என்னைப் பார்த்தார். கை பழகக் கூடாது என்று இத்தனை காலம் சொன்னவர், அன்று கை பழகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

அடுத்தடுத்த நாட்களில் காலையில் அவர் வந்ததும், "மதினிக்குக் கை பழகிருச்சாண்ணே?" என்று கேட்பேன். "நேத்து கொறைஞ்சிருக்காம்" என்பார். ஒரு நாள், "நேத்து ஒரே ஒரு தடவைதான் புடிச்சாளாம்" என்று கிட்டத்தட்டச் சந்தோஷமாகச் சொன்னார். மேனேஜருக்குப் போன் பண்ணி, மதினியை மருந்திலிருந்து எடுத்துப் பெட்டி ஒட்டுகிற பக்கம் போடச் சொல்லிக் கெஞ்சியதை நானே கேட்டேன். லோடு போகட்டும், திங்கட்கிழமை மாற்றிவிடுகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அது வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சத்தம் வந்தது.

எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவரும் கத்த மாட்டார்கள். முதலில் ஜன்னலுக்குப் போய்ப் புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுப்பார்கள். ஒருவருக்கும் லைன் கிடைக்காது. கீழே அச்சு மிஷின் நின்றது. நான் அம்மாவுக்கு அடித்தேன், மாரீஸ்வரி அக்கா அவர் தங்கைக்கு அடித்தார்.

அண்ணன் ஜன்னலுக்கு வரவில்லை. எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தார். சேமித்தார். அதன் பிறகுதான் போனை எடுத்தார். அவருக்கு மட்டும் லைன் உடனே கிடைத்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பயராபீசில் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவைப்பார்கள். அதனால் மணி அடிப்பதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் வைக்காமல் காதில் வைத்துக்கொண்டே படியிறங்கினார். நான் பைக்கை எடுத்தேன். போகிற வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அந்த மணிச்சத்தம் கேட்டது.

அங்கே பார்த்ததை எழுத மாட்டேன். கேட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து ஒளிவிட்டு ஒளிவிட்டு அதிர்ந்துகொண்டிருந்ததை மட்டும் சொல்கிறேன். அண்ணன் தன் போனை அணைத்தார். பெட்டியில் ஒன்று அடங்கியது.

அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. கையைப் பிடித்து நிறுத்துகிற அந்தப் பெண்ணும் இல்லை. யார் கை, எந்தச் சட்டம், எது எதோடு என்று சொல்ல ஆள் இல்லை. மதினியாக இல்லாமலும் இருக்கலாம். வெயிலாக இருக்கலாம், தரையில் கிடந்த ஒரு கல்லாக இருக்கலாம். நான் இதை அண்ணனிடம் பலமுறை சொன்னேன். செய்தித்தாளில் உராய்வு காரணமாக என்று போட்டிருந்தார்கள்.

காரியம் முடிந்து அவர் வேலைக்கு வந்தார். லைன் வீட்டிலேயே உட்கார்ந்தார். தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. அவர் எடிட்டரை மாற்றவில்லை. நெளியவில்லை, ஜன்னலுக்கும் போகவில்லை. தவறே வராமல் வேலை செய்தார். இப்போது அவர் கண் திரையில் இருக்காது. எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார், விரல்கள் மட்டும் ஓடும். எனக்கு அந்த முறமும் வத்தலும் நினைவுக்கு வரும்.

மாசியில் அந்தக் கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தது. எங்கள் பக்கம் விபத்துக்குப் பிறகு இது நடப்பதுதான். பெயர் மாறும், பங்குதாரர் பெயர் மாறும், கம்பெனி திறக்கும். அண்ணாச்சி மேலே வந்து என் மேசையருகில் குனிந்து, குரலை இறக்கிச் சொன்னார்.

"பேரை மட்டும் மாத்திருலே. போட்டோவெல்லாம் அப்படியே இருக்கட்டும்னுட்டாக. அவனுக்குத் தெரிய வேண்டாம்."

"அந்த ஃபோல்டர் எங்கிட்டத்தான இருக்கு அண்ணாச்சி" என்றார் அண்ணன், திரும்பாமல். "நான் பண்ணுறேன்."

அண்ணாச்சி கீழே போய்விட்டார்.

அந்தக் கம்பெனியின் பழைய பெயரிலும் அம்மன்தான் இருந்தாள். அண்ணன் தேடல் பெட்டியில் பெயரை எழுதினார். பெயர் வருகிற இடமெல்லாம் மஞ்சளாக எரிந்தது. எல்லாவற்றையும் மாற்று என்ற பொத்தானை அவர் தொடவில்லை. ஒவ்வொரு இடமாகப் போனார். படித்தார். இந்தக் கம்பெனியின் பெயர்தானா, வேறு அம்மனா என்று பார்த்தார். மாற்றினார். அடுத்ததற்குப் போனார். அத்தனை மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் கண் திரையில் இருந்தது. ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை சாயங்காலம் வரை போயிற்று. சாப்பிட எழுந்திருக்கவில்லை.

கடைசியாகப் படங்களின் பக்கம் வந்தது. வேப்பமரங்கள், வெள்ளை அறைகள், விலகி உட்கார்ந்த பெண்கள். நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

"இது அவ சேருறதுக்கு முந்தி எடுத்தது தம்பி. அவ இதுல இல்ல."

"ஆமாண்ணே."

அண்ணன் அந்தப் பக்கத்தை மூடினார். பிறகு தேடல் பெட்டியிலிருந்த அம்மன் பெயரை அழித்துவிட்டு மதினியின் பெயரை எழுதினார். எல்லா ஃபோல்டர்களிலும் தேடச் சொன்னார். எங்கள் ஆபீசில் இருக்கிற அத்தனை கம்பெனியின் அத்தனை கோப்பையும் எடிட்டர் ஒரு மூச்சில் தேடிவிட்டு, எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னது.

அவர் அதைப் படித்தார். எடிட்டரை மூடினார். எழுந்து செருப்பைப் போடப் போனார்.

மாரீஸ்வரி அக்கா தன் திரையில் மூழ்கியிருந்தார். இதையெல்லாம் அவர் பார்க்கவில்லை. வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டதும், தலையைத் தூக்காமல், வாய் பழகிய பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"காலியாண்ணே?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் படிக்கட்டில் நின்று திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"ஆமா தாயி. காலி."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார் என்று இன்னொருவர். நான் திருத்தங்கல் லைன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது வேறு குடும்பம் இருந்தது.

அவர் கணினி என் மேசைக்கு வந்தது. எங்கள் ஆபீசில் இப்போது எல்லோரும் வேறு எடிட்டருக்குப் போய்விட்டார்கள். கேட்பதற்கு முன்பே அடுத்த வரியை எழுதிக் கொடுக்கிற புது ரகம். அண்ணாச்சி என்னையும் மாறச் சொல்லி நச்சரிக்கிறார். நான் இந்தப் பழையதில்தான் எழுதுகிறேன். இதன் தேடல் பெட்டியில் மேல்நோக்கிய அம்புக்குறி விசையை அழுத்தினால், முன்பு தேடிய சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டும். என் சொற்களைத் தாண்டி, பின்னால் பின்னால் போனால், ஓரிடத்தில் மதினியின் பெயர் வரும்.

எங்கள் ஆபீசில் அந்தப் பெயர் இருக்கிற இடம் அது ஒன்றுதான். எடிட்டரை நீக்கினால் அதுவும் போய்விடும்.

நான் காலி பண்ணவில்லை.